முதல் வாய்க்கு முந்தைய வாய்

தாய்ப்பாலுக்கு விலையே கிடையாது என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். லோகேஸ்வரிக்கு விலை தெரியும். ஒரு டின் எழுபத்திரண்டு ரிங்கிட். சுபாங் ஜெயாவில் அவள் அலுவலகத்துக்குக் கீழே இருந்த மருந்துக்கடையில் பேசிப் பேசி அறுபத்தெட்டுக்கு இறக்கி, குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள் ஒரு பொட்டலத்தையும் இலவசமாக வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். மருமகளின் பேரத்தை மாமனார் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். அவர் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலை.

அந்த டின் இப்போது அவளுடைய மைவி காரின் பின்பெட்டி மூலையில், ஒரு பழைய துண்டுக்கு அடியில் படுத்திருந்தது.

இது எப்படி அங்கே போனது என்று கேட்டால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பிரசவ விடுப்பு முடிந்து லோகேஸ்வரி வேலைக்குத் திரும்பியபோது, அவள் கணவன் விமலன் கடல் தாண்டிப் பிந்துலுவில் எண்ணெய் ஆலை வேலையில் மாட்டிக்கொண்டிருந்தான். குழந்தைக்கு எண் சோதிடக்காரர் எழுதிக் கொடுத்த பெயர் சஷ்வினி. பிறப்புப் பத்திரத்தைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, எல்லாருக்கும் பாப்பாதான். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள விமலனின் அக்கா குமுதா, கிள்ளானிலிருந்து இரண்டு பெட்டிகளோடு பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டுக்கு வந்து இறங்கினாள். குமுதாவுக்குக் கல்யாணம் நிலைக்கவில்லை, பிள்ளையும் இல்லை. நாற்பது வயதைத் தாண்டும்வரை அப்பாவின் சேலைக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள், பாப்பாவைத் தூக்கிய முதல் நாளே கல்லாவை மறந்துபோனாள்.

அலுவலகத்தில் லோகேஸ்வரி ஸ்டோர் ரூமுக்குள், பழைய ஃபைல்களுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பம்ப் வைத்துப் பால் எடுப்பாள். மாலையில் அது குளிர்ப்பையில் வீட்டுக்கு வரும். மறுநாள் பகலில் குமுதா அதைச் சூடாக்கிப் பாப்பாவுக்குக் கொடுப்பாள். ஏற்பாடு அப்படி.

வந்த புதிதில் குமுதா ஒருநாள் சொன்னாள்: “ஒரு டின் பவுடர் பாலு வாங்கி வெச்சிக்குவோம்லா லோகா, அவசரத்துக்கு.”

“அதெல்லாம் பெத்தவளுக்குத்தான் தெரியும்க்கா” என்றாள் லோகேஸ்வரி.

வாயிலிருந்து போனபிறகுதான் அந்தச் சொல்லின் முனை அவளுக்கே தெரிந்தது. குமுதா சிரித்தாள். போய் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பை மறுபடியும் துடைத்தாள்.

அப்படிப் பேசிய வாய்க்குத் தண்டனைபோல, அடுத்த மாதமே பால் குறைய ஆரம்பித்தது. சரக்குக் கப்பல் ஒன்று தாமதம், முதலாளி கத்தல், மதியச் சாப்பாடு இல்லை. பம்ப் உறுமிக்கொண்டே இருக்கும், பாட்டிலின் அடி மட்டும் நனையும். வேலையை விட முடியாது. “பவுடர் பால் வாங்கலாம்க்கா” என்று குமுதாவிடம் போய் நிற்கவும் முடியாது. எந்த முகத்தோடு நிற்பது? ஸ்டோர் ரூம் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, தன் பாலில் பவுடர் பாலைக் கரைத்து பாட்டிலை நிரப்பினாள் லோகேஸ்வரி. முதலில் பாதிக்குப் பாதி. அப்புறம் கால் தன்னுடையது, முக்கால் டின்னுடையது.

பவுடர் பால் குடிப்பதில் தப்பு எதுவும் இல்லை. எத்தனையோ பிள்ளைகள் குடித்து வளர்கின்றன. ஆனால் பாட்டிலின் மேல் ஒட்டிய தாளில் “அம்மா பால்” என்றுதான் ஒவ்வொரு நாளும் எழுதினாள். அவளைக் குடைந்தது அந்த எழுத்துதான்.

இனி, இந்த ஞாயிற்றுக்கிழமை.

பாப்பாவுக்கு ஆறு மாதம் நிறைந்தது. கோயிலில் முதல் சோறு ஊட்டுகிறார்கள். காலையிலேயே மாமனார் பரமேஸ்வரன் கிள்ளானிலிருந்து வந்துவிட்டார். கையில் வெள்ளிக் கிண்ணம், வெள்ளிக் கரண்டி, மூன்று கூடை பழம். சேலைக்கடை முதலாளி என்பதால் வேட்டி மடிப்பில் ஒரு சுருக்கம்கூடக் கிடையாது.

“சாவியக் குடும்மா. கூடையெல்லாம் உன் கார்லயே வெச்சிடறேன்.”

“நான் வெக்கிறேன் மாமா.”

“நீ புள்ளையத் தூக்கு. கூட தூக்கற வயசு எனக்கு இன்னும் போகல.”

சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஐந்தாவது மாடி ஜன்னலிலிருந்து லோகேஸ்வரி கீழே பார்த்தாள். கார் பின்கதவு உயர்ந்தது. மாமனாரின் தலை உள்ளே போனது. வெளியே வருவதற்குக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது.

கீழே இறங்கிப் போனபோது அவர் கைகளைத் தட்டிக்கொண்டு நின்றார்.

“பழைய துண்டு ஒண்ணு கெடந்திச்சி. கூட ஆடாம இருக்கட்டும்னு அண்டைக் குடுத்துட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னார். முகத்தில் ஒன்றும் இல்லை. சேலையின் அடக்க விலையைக் கேட்கும் வாடிக்கையாளரிடம் அவர் காட்டும் அதே முகம். அந்த முகத்தை லோகேஸ்வரி கடையில் பலமுறை பார்த்து ரசித்திருக்கிறாள். தன் பக்கம் திரும்பும் என்று நினைத்ததில்லை.

கோயிலில் கூட்டம் குறைவு. தாய்மாமன் மடியில்தான் பாப்பாவை உட்கார வைக்க வேண்டும் என்பதால், லோகேஸ்வரியின் அண்ணன் சுகுமாறன் சாலாக் செலாத்தானிலிருந்து வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். லோரி ஓட்டுகிறவன், எந்த மேட்டிலும் ஏற்றிவிடுவான், வேட்டி கட்டி உட்காருவதுதான் பாடு.

“சீக்கிரம் ஊட்டச் சொல்லுங்கலா பூசாரி. கால் மரத்துப் போச்சி.”

“மாமன் ஆகறது சும்மா இல்லப்பா” என்றார் பூசாரி.

குமுதா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதன் திரையில் விமலன், பிந்துலுவிலிருந்து.

எல்லாரும் ஒன்றுக்காகக் காத்திருந்தார்கள். முதல்முறை சோறு படும்போது குழந்தை முகத்தைச் சுளிக்கும், நாக்கால் வெளியே தள்ளும், கட்டாயம் ஒரு படம் கிடைக்கும். சுகுமாறன் பொங்கலை விரல்நுனி அளவு எடுத்து வெள்ளிக் கரண்டியில் வைத்தான். கரண்டி கிண்ணத்தின் விளிம்பில் பட்டு, டிங் என்றது.

பாப்பா வாயைத் திறந்தாள்.

சும்மா திறக்கவில்லை. கழுத்தை நீட்டி, அகலமாக, கூட்டுக்குள் இருக்கும் குருவிக்குஞ்சு மாதிரித் திறந்தாள். கரண்டி உள்ளே போனது. உதடு மூடியது. ஒரு சிதறல் இல்லை. விழுங்கி, சப்புக்கொட்டி, சுகுமாறன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். அடுத்தது எங்கே?

“ஐயோ! இவ பழகின ஆளுலா!” என்று சுகுமாறன் சிரித்தான்.

“கடைக்குள்ள நொழைஞ்சதும் நேரா மூணாவது அலமாரிக்குப் போற கஸ்டமரு மாதிரி இருக்கா” என்றார் பரமேஸ்வரன். “அப்படிப் போனா என்ன அர்த்தம்? முன்னாடியே வந்து பார்த்துட்டுப் போயிருக்கான்னு அர்த்தம்.”

எல்லாரும் சிரித்தார்கள். லோகேஸ்வரியும் சிரித்தாள். பாப்பா யாரையும் பார்க்கவில்லை. குமுதாவை மட்டும் பார்த்து, மறுபடி வாயைத் திறந்து காட்டினாள்.

கைப்பேசியிலிருந்து விமலனின் குரல் கேட்டது: “என்ன ஆச்சி? யாராச்சும் சொல்லுங்க. எனக்குக் கோயில் ஃபேன் மட்டும்தான் தெரியுதுக்கா.”

குமுதாவின் கை தொங்கிப்போயிருந்தது. முகம் வெளுத்திருந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, சுகுமாறன் காலை உதறிக்கொண்டு கிளம்பிப் போனான். பரமேஸ்வரன் சோபாவில் துண்டால் கண்ணை மூடிப் படுத்தார். பாப்பா தூங்கினாள். சமையலறையில் லோகேஸ்வரி வெள்ளிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது, குமுதா வந்து பக்கத்தில் நின்றாள்.

“லோகா. ஒண்ணு சொல்லணும். நீ அடிச்சாக்கூட வாங்கிக்கிறேன்.”

“என்னக்கா?”

“பாப்பாவுக்கு இன்னிக்கு மொத வாய் இல்ல.”

லோகேஸ்வரி குழாயை மூடினாள்.

“மொதல்ல பாட்டில நல்லாத்தான் குடிச்சா” என்றாள் குமுதா. “அப்புறம் என்னமோ தெரியல. வாயில வெச்சதும் தலையத் திருப்பிக்குவா. துப்புவா. அழுவா. உனக்கு ஒரு போன் போடலாம்னு எத்தன தடவ எடுத்தேன் தெரியுமா? ஆனா நீ அந்த ஸ்டோர் ரூம்ல உக்காந்துக்கிட்டு… எவ்ளோ வேதனப்பட்டு எடுக்கற. உன் பால உன் புள்ளையே வேணாங்குதுன்னு எந்த வாயால சொல்லுவேன்?”

“அதனால?”

“கஞ்சி வெச்சிக் கரைச்சிக் குடுத்தேன். குடிச்சிட்டா. அடுத்த நாளு பீசாங் பழம் மசிச்சேன். அதுக்கு அப்புறம் பூசணி. தின்னுட்டுச் சிரிக்கறா லோகா! நீதான் ஆறு மாசம் முடியட்டும்னு சொல்லியிருந்த. கிளினிக் மிஸ்ஸியும் அதத்தான் சொன்னாங்க. தெரிஞ்சே செஞ்சேன்.”

“பால்?”

கேட்டது தன் குரல்தானா என்று லோகேஸ்வரிக்கே சந்தேகமாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் ஒவ்வொரு நாளும் பாட்டில்கள் காலியாக, கழுவி, கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அவளும் மனத்தைத் தேற்றிக்கொண்டு தூங்கப் போவாள்.

குமுதா கழுவு தொட்டியைப் பார்த்தாள்.

“இதுலயா?”

“தெனமும் சாமியக் கும்புட்டுட்டுத்தான் ஊத்துவேன் லோகா. தாய்ப்பாலு. பாவம்னு தெரியாதா எனக்கு? மூடியத் தொறந்து வெச்சிக்கிட்டு நிப்பேன். மனசு வராது. ஊத்தாம வெச்சா நீ வந்து பார்த்து ஒடைஞ்சி போயிடுவியேன்னு…” புடவைத் தலைப்பு வாய்க்குப் போனது.

லோகேஸ்வரிக்குள் பல சங்கதிகள் வரிசையில் நிற்காமல் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன.

முதலில் வந்தது நிம்மதி. வெட்கக்கேடுதான். பாப்பா அதைக் குடிக்கவே இல்லை. பேரம் பேசி வாங்கியதை எல்லாம் குடித்தது பிரிக்பீல்ட்ஸ் சாக்கடை. அடுத்து வந்தது சிரிப்பு. பல்லைக் கடித்து அடக்கினாள். அதற்கும் பிறகுதான் உண்மை வந்து உட்கார்ந்தது. பாப்பா தாயின் பாலை வேண்டாம் என்று சொல்லவில்லை. பாட்டிலுக்குள் இருந்த மாற்றத்தைப் பாப்பாவின் நாக்குக் கண்டுபிடித்துவிட்டது, அவ்வளவுதான். அந்த மாற்றத்தை வைத்தவள் இங்கே நிற்கிறாள். அதற்காகச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவள் அங்கே அழுகிறாள்.

அது என் பால் இல்லக்கா.

சின்ன வாக்கியம். நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

“நீ அன்னிக்கிச் சொன்னதுதான் சரி” என்றாள் குமுதா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “அதெல்லாம் பெத்தவளுக்குத்தான் தெரியும். எனக்கு என்ன தெரியும்? துணி கிழிச்சி வித்தவ.”

வாக்கியம் திரும்பி உள்ளே போய்விட்டது. இப்போது அதைச் சொன்னால், அன்று சொன்னதும் சேர்ந்து விழும். பெற்றவளுக்குத்தான் தெரியும் என்று பெருமையடித்தவள், கதவைத் தாழ்போட்டுக்கொண்டு டின்னைத் திறந்தாள் என்று ஆகும்.

“பரவால்லக்கா” என்றாள் லோகேஸ்வரி. “விடுங்க. நல்லதுக்குத்தானே செஞ்சீங்க.”

தான் செய்த தப்புக்கு அடுத்தவளை மன்னித்துவிட்டாள். மன்னிப்பு இவ்வளவு மலிவாக எந்தப் பாசாரிலும் கிடைக்காது.

அந்த மன்னிப்புதான் குமுதாவை உடைத்தது. திட்டியிருந்தால் நின்றிருப்பாள்.

“இல்ல லோகா. இனிமே பாப்பாவ என் கையில விடாத. நான் அப்பாவோட இன்னிக்கே கிள்ளானுக்குப் போயிடறேன்.”

“எதுக்குக்கா? நான் ஒண்ணும்…”

“தப்பில்ல, போகட்டும்மா” என்றது ஹாலிலிருந்து ஒரு குரல். தூங்கிக்கொண்டிருந்தவர், தூக்கத்தின் சாயலே இல்லாமல் எழுந்து உட்கார்ந்திருந்தார். “தீபாவளி வேற வருது.”

குமுதா அறைக்குள் பெட்டி அடுக்கினாள். அந்த நேரத்தில், அவளுக்காகக் கொஞ்சம் பழம் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் பரமேஸ்வரன் லோகேஸ்வரியைக் கீழே காருக்கு அழைத்துப் போனார். பின்கதவைத் திறந்தார். துண்டை எடுத்து உதறி, மடித்து, டின்னின் மேல் திரும்பப் போர்த்தினார்.

“என்ன வெல?”

“மாமா…”

“வெலதான் கேட்டேன்.”

“அறுபத்தெட்டு.”

“பரவால்லியே. எங்க பக்கத்துல எழுவதுக்குக் கீழ எறங்கமாட்டான்.” உண்மையாகவே மெச்சினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நான் வாயத் தொறக்கமாட்டேன். புள்ளைக்கு எது குடுக்கறது, அது உன் பாடு. ஆனா நீயும் அவசரப்பட்டுக் குமுதாகிட்ட எதையும் சொல்லிக்கிட்டு இருக்காத.”

“அவங்க தப்பே இல்ல மாமா. அவங்க ஊத்தினது…”

“தெரியும்லா. கேட்டுக்கிட்டுத்தானே படுத்திருந்தேன்.”

லோகேஸ்வரி அவரையே பார்த்தாள்.

“அவ எடத்துல ஒரு பொண்ண வெச்சேன். சேலைய மடிக்கத் தெரியல. கஸ்டமரு பத்துச் சேல எடுக்கச் சொன்னா பத்தையும் எடுத்துப் போட்டுட்டு வாயப் பார்த்துக்கிட்டு நிக்குது. தீபாவளிக்குக் குமுதா இல்லாம நான் எப்படிச் சமாளிப்பேன்? அவளாத்தான் வரேங்கறா. வரட்டும். நீ ஒண்ணும் சொல்லாத. நான் ஒண்ணும் சொல்லல.”

“பாப்பாவ யாரு பார்த்துப்பா?”

“ரெண்டாவது மாடில அந்த நஸ்ரின் இருக்குல்ல? நாலு புள்ளைங்களப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கு. அஞ்சாவதா இது.”

லிப்ட் கதவு திறந்தது. குமுதா இரண்டு பெட்டிகளையும் ஒரே கையால் இழுத்துக்கொண்டு வந்தாள்; தோளில் பாப்பா. இப்போது சொல்லிவிடலாம். மாமனார் சும்மா நின்று, பெட்டியின் சக்கரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். எந்தப் பேரத்திலும் கடைசி நிமிஷம் பேசாமல் இருக்கிறவன்தான் ஜெயிப்பான் என்பது அவருக்குத் தெரியும்.

“இந்தா, லோகா. அந்த ஆரஞ்சுக் கலரு கரண்டிதான் அவளுக்குப் புடிக்கும். சூடு இருக்கக்கூடாது. ஊட்டறதுக்கு முன்னாடி கரண்டியால கிண்ணத்த டிங் டிங்னு ரெண்டு தட்டுத் தட்டணும். அப்பத்தான் வாயத் தொறப்பா.” பாப்பாவை அவள் கையில் மாற்றினாள். பாப்பாவின் விரல்கள் குமுதாவின் தாலியில்லாத கழுத்துச் சங்கிலியை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். “கோச்சிக்காதடி. அத்த ஒண்ணும் பண்ணல… பண்ணிட்டேன்தான். போயிட்டு வரேன்.”

“அக்கா” என்றாள் லோகேஸ்வரி.

குமுதா திரும்பினாள்.

“…பார்த்துப் போங்க.”

பொழுது சாயும் நேரத்தில், குமுதா வைத்துவிட்டுப் போன கஞ்சியைக் கரைத்து, பாப்பாவை மடியில் உட்காரவைத்தாள் லோகேஸ்வரி. ஆரஞ்சுக் கரண்டி. சூடு இல்லை. கிண்ணத்தை இரண்டு முறை தட்டினாள்.

பாப்பா தலையைத் திருப்பினாள். வாய் திறந்தது, ஆனால் கரண்டியின் பக்கம் இல்லை. சமையலறை வாசலைப் பார்த்துத் திறந்தது. அங்கே யாரும் இல்லை என்று தெரிந்ததும் மூடிக்கொண்டது. மறுபடி தட்டினாள். மறுபடி வாசல். மூன்றாவது முறை கரண்டியை உதட்டருகே கொண்டுபோனபோது கஞ்சி கன்னத்தில் வழிந்தது. அழுகை ஆரம்பித்தது.

மார்பில் போட்டுக்கொண்டாள். பாப்பா குடித்தாள், இருந்ததைக் குடித்தாள், விட்டுவிட்டு மறுபடி வாசலைப் பார்த்தாள்.

கைப்பேசி அடித்தது. குமுதா.

“வந்து சேந்துட்டோம் லோகா. பாப்பா சாப்ட்டாளா?”

லோகேஸ்வரி கிண்ணத்தைப் பார்த்தாள். கஞ்சி ஊற்றியது ஊற்றியபடி இருந்தது.

“சாப்ட்டாக்கா.”

“தட்டினியா?”

“தட்டினேன்.”

“தொறந்தாளா?”

“நல்லாத் தொறந்தா.”

அந்தப் பக்கம் கிள்ளான் சாலையில் ஏதோ மோட்டார் போனது மட்டும் கேட்டது.

“அப்பச் சரி” என்றாள் குமுதா. “நான் இல்லன்னா சாப்பிடமாட்டாளோன்னு பயந்துட்டேன். பைத்தியம் மாதிரி.” சிரிக்கப் பார்த்தாள். “நல்லதுதான். வெச்சிடறேன்.”

அன்றைய கணக்கை மூடினால் இப்படி வரும். பரமேஸ்வரன் முதலாகப் போட்டது ஒன்றுமில்லை. எடுத்துக்கொண்டு போனது கல்லாவுக்கு ஒரு மகள். முழுக்க லாபம். குமுதா மறைத்தது ஒன்று, சொன்னது ஒன்று. அவள் பக்கம் நேராகிவிட்டது, அது அவளுக்குத்தான் தெரியாது. லோகேஸ்வரி பேரில் காலையில் ஒரு பொய் பாக்கி இருந்தது.

விளக்குப் போடும் நேரத்தில் அது இரண்டாகியிருந்தது.